ஸ்லோவில் நிற்காத பிக்கப்: ஸ்குரூவைத் திருப்புவதற்கு முன்

நமது தோட்டங்களில் இன்று பழைய பிக்கப் ஒன்றாவது இல்லாத டிவிசன் குறைவு. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து காசு போட்டு வாங்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் வெளியூரில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய பணத்தில் வாங்கியிருப்பார்கள். 1980ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் செய்த வண்டிகள்தான் அதிகம். காலையில் மரக்கறி ஏற்றும், மத்தியானம் சிமெந்து ஏற்றும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் கதிரை ஏற்றும். இராத்திரியில் நோயாளியையும் ஏற்றும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் இப்போது அம்புலன்ஸ் வருகிறது. ஆனாலும் மேல் டிவிசன் பாதையில் அது ஏறி வந்து சேரும் வரை காத்திருக்க முடியாத நேரம் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அப்போது லயத்து வாசலில் நிற்கிற பிக்கப்தான் துணை.

அந்தப் பிக்கப் ஸ்லோவில் நிற்க மாட்டேன் என்கிறது, உதறுகிறது, வளைவில் நின்றுபோகிறது என்றால் நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? பொனட்டைத் திறந்து, காபரேட்டரில் உள்ள ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பி, ரேஸைக் கூட்டிவிட்டு ஓட்டுகிறோம். இந்தப் பாடம் அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் ஒரு இராத்திரி அப்படியான ஒரு வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவன். அதற்குப் பிறகு எங்கள் பழைய ஸ்டோர் ஃபிட்டர் ஒருவரிடம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று கேட்டுப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மேல் டிவிசனில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இராத்திரி ஒன்றரை மணிக்கு வலி எடுத்துவிட்டது. டிரைவர் தம்பியை எழுப்பினோம். நான், பிள்ளைக்காம்பரா ஆயாம்மா, அந்தப் பெண்ணின் மாமியார் எல்லோரும் ஏறினோம். வண்டி ஒரு மாதமாகவே ஸ்லோவில் உதறிக்கொண்டிருந்தது. தம்பி பிளக் நாலும் மாற்றியிருந்தான். டவுன் கராஜ் ஒன்றில் காபரேட்டரைக் கழுவி கிட் போட்டார்கள். அதற்கும் சரிவராமல் கடைசியில் ஸ்குரூவைத் திருப்பி ரேஸைக் கூட்டி வைத்திருந்தான். சந்தியிலிருந்து இரண்டாவது கட்டையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. இறக்கத்தில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தான். எஞ்சின் நின்றுவிட்டது.

"ஐயா, பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு!" என்றான். இரண்டு காலையும் வைத்து அமுக்கினான். வண்டி மெதுவானதே ஒழிய நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரைப் போட்டு, மலைப்பக்கத்துக் கானில் ஒரு சில்லை இறக்கித்தான் நிறுத்தினான். அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் பள்ளம். அவன் கை சரியான பக்கம் போனது எங்கள் நல்ல காலம். பின்னால் வந்த கொழுந்து லொறி ஒன்றில் அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பினோம். விடியற்காலை ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த ஞாயிறு ஃபிட்டர் வந்தார். ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் இருக்கும். தம்பி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். வந்ததும் வராததுமாக இவன் ஸ்குரூ டிரைவரை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"அத வையி மொதல்ல. ஸ்டார்ட் பண்ணிட்டு சும்மா நில்லு. காதக் குடு."

கேட்டோம். எஞ்சின் சத்தத்துக்குள்ளே பாம்பு சீறுகிற மாதிரி ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். அவர் இன்டேக் மெனிபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயில் துணியைச் சுற்றி, குறட்டால் நசுக்கிப் பிடித்தார். உதறிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு நொடியில் தையல் மெஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. குறட்டை விட்டார், மறுபடி உதறல். குழாயைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

உதறலும் பிரேக் போனதும் இரண்டு கோளாறு என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே வெடிப்பு.

இது எப்படி என்று விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் சுலபம். பெற்றோல் எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும். ஸ்லோவில் ஓடும்போது காபரேட்டரின் தட்டு மூடியிருப்பதால் எஞ்சின் பலமாக உறிஞ்சும், ஆனால் கிடைக்கும் காற்று கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சக் காற்றுக்கு அளவாகத்தான் பெற்றோலும் வரும். இடையில் ஒரு வெடிப்பு வழியாகக் கள்ளக் காற்று புகுந்தால் அளவு கெட்டுவிடும். ரொட்டிக்கு மாவு பிசைகிறவர்களுக்கு இது தெரியும். ஒரு பிடி மாவில் ஒரு கரண்டி தண்ணீர் கூடிவிட்டால் மாவு வழிந்துவிடும். இரண்டு கிலோ மாவில் அதே ஒரு கரண்டி கூடினால் தெரியவே தெரியாது. ஸ்லோ என்பது ஒரு பிடி மாவு. ரேஸ் கொடுத்து ஓடும்போது அது இரண்டு கிலோ மாவு. அதனால்தான் இப்படிப்பட்ட வண்டி நேர்ப்பாதையில் நன்றாக ஓடி, வளைவிலும் சந்தியிலும் மட்டும் செத்துப்போகிறது.

பிரேக் பூஸ்டர் வேலை செய்வதும் அதே உறிஞ்சலில்தான். நமது கால் பலத்தோடு எஞ்சினின் இழுப்பும் சேர்ந்துதான் பிரேக்கை அமுக்குகிறது. எஞ்சின் நின்றால் இழுப்பு இல்லை. நல்ல வண்டியில் அந்தக் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று இருப்பதால், எஞ்சின் நின்ற பிறகும் இரண்டு மூன்று மிதிக்குப் போதுமான இழுப்பு பூஸ்டருக்குள் மிச்சம் இருக்கும். எங்கள் வண்டியில் வெடிப்பு அந்த வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில். மிச்சம் எல்லாம் அதன் வழியாகவே போய்விட்டது. எல்லாப் பழைய பிக்கப்பிலும் பூஸ்டர் இல்லை. ஆனால் இருக்கிற வண்டியில் ஸ்லோ கெட்டால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். பெடல் கடினமாகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலடியில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு இழுப்பு போகவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் ஒன்றிரண்டு மிதி மெதுவாகவும் அதற்குப் பிறகு கடினமாகவும் இருந்தால் சரி. முதல் மிதியே கல்லாக இருந்தால் குழாயோ வால்வோ பூஸ்டரோ கசிகிறது. அந்த வண்டியை இறக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நூறு எண்ணத் தெரிந்தால், பிள்ளை எண்ணி முடிப்பதற்குள் இந்தச் சோதனையின் முதல் பாதி முடிந்துவிடும்.

கசிவு பூஸ்டர் குழாயில் மட்டும்தான் வரும் என்று இல்லை. டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், காபரேட்டர் அடியில் உள்ள பெக்கிங், மெனிபோல்ட் நட்டு எல்லாம் பழையதாகும்போது இளகும். குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே கோளாறு. பெக்கிங் பக்கம் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டுவைத்தால் கசிகிற இடத்தில் அதை உள்ளே இழுக்கும். சிலர் பெற்றோலைப் பீச்சிப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது உயிருக்கு விளையாட்டு. வேண்டவே வேண்டாம்.

எங்கள் வண்டியில் ஏன் மூன்று இடத்தில் காட்டியும் பிடிபடவில்லை என்று நான் கேட்டேன். ஃபிட்டர் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மற்ற மூன்றும் பால்தேத்தண்ணி நிறம். அது மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. கள்ளக் காற்று அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் புகுந்ததால் அதற்கு மட்டும் பெற்றோல் குறைந்தது. பார்த்தவர்கள் பிளக்கில் கோளாறு என்று பிளக்கை மாற்றினார்கள். பிளக் கோளாறைக் காட்டிக்கொடுத்த சாட்சி. சாட்சியைப் பிடித்து உள்ளே போட்டால் கள்ளன் வெளியேதான் இருப்பான்.

ஆகவே பிளக்கைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள், படியுங்கள். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். தேத்தண்ணி நிறம் நல்லது. உலர்ந்த கரி போலக் கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதல். ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே எஞ்சின் ஒயில் வருகிறது. வெளுப்பு என்றால் காற்று கூடுதல். நாலும் ஒரே மாதிரிக் கெட்டிருந்தால் கோளாறு பொதுவான இடத்தில், காபரேட்டர் பக்கம். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்த ஒன்றின் பக்கத்தில் தேடுங்கள்.

அடுத்தது கரண்ட். நமது மலைநாட்டில் மிகப் பெரிய எதிரி பனிமூட்டம். இராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட்டாகி மூன்று காலில் நொண்டுகிற மாதிரி ஓடினால், டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். வியர்த்திருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் போட்டாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். மூடிக்குள் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை. அது கரண்ட் ஓடிப் பழகிய பாதை, மூடியை மாற்ற வேண்டும். பிளக் வயர் கசிகிறதா என்று பார்க்க இருட்டே போதும். இராத்திரியில் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பொனட்டுக்குள் பாருங்கள். கெட்ட வயரில் நீலப் பொறி ஊர்ந்துபோவது தெரியும். கை வைக்காதீர்கள், சேலைத் தலைப்பும் சால்வையும் பக்கத்தில் வரக்கூடாது, ஃபேன் சுற்றுகிறது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, பழைய பொயின்ட் வண்டிகளில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார்கள். கழற்றியதும் எஞ்சின் இன்னும் நொண்டினால் அந்தச் சிலிண்டர் நல்லது. கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. ரப்பர் கைப்பிடிக் குறடு இல்லாமல் செய்யாதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். பொயின்ட் இல்லாத எலக்ட்ரோனிக் வண்டியில் இந்த வேலை கூடாது, அதன் பெட்டி எரிந்துவிடலாம். பொயின்ட் வண்டியில் இடைவெளி ஏறக்குறைய 0.45 மில்லிமீற்றர், பிளக்கில் 0.8 மில்லிமீற்றர் என்பது பெரும்பாலான ஜப்பான் வண்டிகளுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் புத்தகத்தையே நம்புங்கள். பொயின்ட் தேய்ந்து இடைவெளி குறைந்தாலும் ஸ்லோ முதலில் கெடும்.

கசிவும் இல்லை, கரண்டும் சரி என்றால்தான் காபரேட்டர் பக்கம் வர வேண்டும். ஆனால் நாம் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். வெளியே ஸ்குரூ தெரிகிறது அல்லவா!

காபரேட்டரில் ஸ்லோவுக்கென்று தனியாக ஒரு சின்ன ஜெட் இருக்கிறது. ஓட்டை ஊசி முனை அளவுதான். ஒரு துளி பிசின் போதும், அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ரேஸில் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. கேனிலும் போத்தலிலும் சேர்த்துவைத்த பெற்றோலைத்தான் பிறகு ஊற்றி ஓட்டினார்கள். நின்ற பெற்றோல் காய்ந்தால் காபரேட்டருக்குள் அரக்கு மாதிரிப் படியும். அதற்குப் பிறகு ஸ்லோ கெட்ட வண்டி என்றால் இந்த ஜெட்டைக் கழற்றிக் கழுவுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், ஓட்டை பெரிதானால் ஜெட் போச்சு. ஊதினால் போதும்.

இன்னொன்று. பல வண்டிகளில் அந்த ஜெட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை வயரோடு ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். சாவியைப் போட்டதும் அது 'டிக்' என்று அடிக்க வேண்டும். வயர் கழன்றிருந்தால் டிக் வராது, ஸ்லோவும் வராது. காபரேட்டரையே மாற்றச் சொன்ன வண்டி ஒன்றில், கழன்ற அந்த வயரைச் சொருகியதோடு வேலை முடிந்ததாக ஃபிட்டர் சொல்லிச் சிரித்தார். ஸ்பானர்கூட எடுக்கவில்லையாம்.

மலையில் இருக்கிற நமக்கு மட்டும் வருகிற இரண்டு கோளாறுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கீழே உள்ள கராஜ்காரர்களுக்கு இது படாது.

முதலாவது உயரம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிவு. கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு இது தெரியாது. அது கீழே செட் பண்ணியபடிதான் பெற்றோலை விடும். ஆகவே கொழும்பில் செட் பண்ணி வாங்கிவந்த பிக்கப் இங்கே வந்தால் ஸ்லோவில் கனத்து, கறுப்புப் புகை விட்டு, பிளக்கைக் கரியாக்கி நிற்கும். வண்டி கெட்டுவிட்டது என்று விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். எல்லாச் சோதனையும் முடித்த பிறகு இங்கே வைத்து மிக்சர் ஸ்குரூவைச் சரிசெய்தால் போதும். அதே போல இங்கே செட் பண்ணிய வண்டியைக் கொழும்புக்கு அடிக்கடி ஓட்டினால் அங்கே பெற்றோல் பற்றாமல் உதறும்.

இரண்டாவது, நம்பமாட்டீர்கள், ஐஸ். பனிப்பிரதேசத்தில்தானே ஐஸ் என்பீர்கள். டிஸ்பென்சரியில் ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதுதான் விசயம். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. காபரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போதும் அப்படித்தான். வெளியே 10 பாகை குளிரும் பனிமூட்டமுமாக இருந்தால், காபரேட்டர் தொண்டையில் காற்றின் ஈரம் உறைந்து தட்டைச் சுற்றிப் படிந்துவிடும். அடையாளம் இதுதான். காலையில் நன்றாக ஸ்டார்ட்டாகும். ஒன்றிரண்டு கட்டை ஓடியதும் சந்தியில் நிற்கும். பத்து நிமிடம் நின்றால் எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகிவிடும், ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஸ்டார்ட்டாகும். கராஜுக்குப் போய்ச் சேரும்போது வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். பேய் பிடித்த வண்டி என்று எலுமிச்சம்பழம் கட்டியவர்களும் உண்டு.

இதற்கு வண்டி செய்தவர்களே மருந்து வைத்திருக்கிறார்கள். சைலன்சர் மெனிபோல்டின் மேல் உள்ள தகட்டிலிருந்து எயார் பில்டரின் மூக்குக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் ஒரு மடிப்புக் குழாய். நமது பழைய வண்டிகளில் அது கிழிந்து, யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். கொழும்பில் அது இல்லாமல் ஓடும். நமக்கு வேண்டும்.

பெற்றோல் வருகிற பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பில்டரை மாற்றுங்கள், மலிவானது. டாங்கிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். சில கட்டை ஓடி நின்றுபோகும் வண்டியில் டாங்கி மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. இந்த வேலைகளில் எதையும் குப்பி விளக்கு வெளிச்சத்திலோ பீடி வாயோடோ செய்யக்கூடாது. லயத்தோடு ஒட்டிய மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதும் கூடாது. அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆளைத் தூக்கத்திலேயே கொல்லும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழும்பவில்லையென்றால் வால்வு இடைவெளி அல்லது கொம்பிரசன். அது கராஜ் வேலை. போகும்போது "ஸ்லோ சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பூஸ்டர் பார்த்தாச்சு, வயர் பார்த்தாச்சு, மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை, கொம்பிரசன் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரிடம் தேவையில்லாத சாமான் விற்பது கஷ்டம். எங்கள் தம்பி அந்த ஒரு மாதத்தில் செலவழித்த காசில், அப்படியான ரப்பர் குழாய் முப்பது நாற்பது வாங்கியிருக்கலாம்.

கடைசியில்தான் ஸ்குரூ. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுக்கத் திறந்த பிறகு செய்ய வேண்டும். பெரும்பாலான நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு ஸ்லோ நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று வரை. ரேஸைக் கூட்டி வைத்து ஓட்டுவதில் பெற்றோல் வீணாவது ஒரு பக்கம். இறக்கத்தில் காலை எடுத்தாலும் எஞ்சின் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கியரில் கிடைக்கும் பிடிப்பு குறைந்து, பாரம் முழுக்கப் பிரேக்கில் விழும். எங்கள் வண்டியில் அந்த இராத்திரி பிரேக் ஏற்கெனவே சூடேறித்தான் இருந்திருக்கும் என்று ஃபிட்டர் சொன்னார். ஸ்குரூ கோளாறைத் தீர்க்கவில்லை, ஒரு மாதம் எங்கள் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தது.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்குப் பிளக் வயரும் காபரேட்டரும் இல்லை. உங்கள் கள்ளன் பெரும்பாலும் டீசல் பைப்புக்குள் புகும் காற்றுத்தான். டாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பைப் உறிஞ்சுகிற பக்கம் என்பதால், ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். பம்புக்கு முன் ஒரு சாண் கண்ணாடிப் பைப் போட்டால் குமிழி தெரியும். பில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் மாதம் ஒரு தடவை திறந்துவிடுங்கள். இன்ஜெக்டர் பைப் நட்டை இளக்கிப் பார்ப்பதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசலில் பூஸ்டருக்கான இழுப்பை, பெரும்பாலும் ஓல்டர்நேட்டரின் பின்னால் உள்ள ஒரு சின்னப் பம்ப் கொடுக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும், ஆகவே இறக்கத்தில் உங்களுக்கும் அதே கதைதான்.

வண்டி ஓடும்போதே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்குப் பிறகு எங்கள் டிவிசன் டிரைவர்மார் எல்லோரையும் வாசிகசாலைக்குக் கூப்பிட்டு ஃபிட்டர் சொல்லிக்கொடுத்தார். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை விடும்போதும் மிச்சமிருக்கும் இழுப்பில் ஒரு பங்கு போய்விடும். ஒரே அமுக்காக அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெடல் கல்லாக இருந்தாலும் பிரேக் முழுக்கப் போய்விடவில்லை, இரண்டு காலால் அமுக்கினால் பிடிக்கும். கிளட்சிலிருந்து காலை எடுத்து வண்டியைக் கியரில் வைத்திருங்கள். சில்லு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்டிரலில் இறக்கம் இறங்குகிறவர்களுக்கு எஞ்சின் நின்றால் இந்த உதவி கிடைக்காது. ஹேண்ட் பிரேக்கைச் சேர்த்து இழுங்கள். சாவியை மட்டும் முழுக்கத் திருப்பி வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வேறு வழியில்லையென்றால் மலைப்பக்கத்துக் கான்.

தம்பி அந்த வெடித்த குழாயை எறியவில்லை. டாஷ்போர்ட்டுக்குக் கீழே கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். வண்டியில் ஏறுகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், இறங்கி பொனட்டைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறான்.